இறந்து இரண்டு வருடம் ஆக வேண்டும்: அலபாமாவின் பெண்கள் புகழ்க்கூடம்

கேள்வி சுருக்கமாக இது: பார்வையும் செவிப்புலனும் இல்லாமலே படித்து எழுத்தாளரான ஹெலன் கெல்லரை உலகமே அறியும். ஆனால் அவர் பிறந்த அலபாமா மாநிலம் தன் பெண்கள் புகழ்க்கூடத்தில் அவரைச் சேர்த்தது 1971-ல், அவர் காலமாகி மூன்று வருடம் கழித்து. உயிரோடு இருந்தபோது ஏன் சேர்க்கவில்லை? மாநிலத்துக்கு மாநிலம் இப்படி ஒரு 'ஹால் ஆஃப் ஃபேம்' வைத்துக்கொள்வதில் ஏதாவது பொருள் இருக்கிறதா, இல்லை மாலை போட்டுப் படம் எடுத்துக்கொள்கிற சங்கதிதானா?

முதல் பாதிக்குப் பதில் எளிது. கெல்லர் உயிரோடு இருந்தபோது அந்தக் கூடமே இல்லை. 1970-ல்தான் அதை ஏற்படுத்தினார்கள், அடுத்த வருடம் முதல் பெயர்களை அறிவித்தார்கள். முன்பே இருந்திருந்தாலும் அவரைச் சேர்த்திருக்க முடியாது. ஒருவர் இறந்து குறைந்தது இரண்டு வருடமாவது ஆன பிறகே அவர் பெயரைப் பரிசீலிக்கலாம் என்பது அந்தக் கூடத்தின் விதி. கெல்லர் காலமானது 1968 ஜூன் 1-ஆம் தேதி. கணக்குப் போட்டுப் பாருங்கள், அவருக்குக் கிடைத்தது ஏறக்குறைய முதல் வாய்ப்பு.

இந்த இரண்டு வருட விதியைப் பிடித்துக்கொண்டு போனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன்.

முதலில் கூடத்தைப் பற்றி. அலபாமாவின் நடுப்பகுதியில், 'கறுப்பு மண்பட்டை' என்று சொல்லப்படும் பழைய பருத்தி நிலத்தில், மேரியன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே 1838-ல் பாப்டிஸ்ட் சபையினர் தொடங்கிய ஜட்சன் கல்லூரி, பெண்களுக்கான கல்லூரி. பர்மாவுக்கு மதப்பணிக்குப் போய் அங்கேயே உயிர்விட்ட ஆன் ஜட்சனின் பெயரை அதற்கு வைத்தார்கள். அந்தக் கல்லூரியின் பீன் ஹால் கட்டடத்தில்தான் புகழ்க்கூடம் இருந்தது. 1975-ல் மாநிலச் சட்டமன்றம் சட்டம் இயற்றி அதை அரசு அமைப்பாகவே ஆக்கியது. நிர்வாகத்துக்குப் பதினொரு பேர் கொண்ட குழு. கலை, வணிகம், சமூகப் பணி, கல்வி, சட்டம், மருத்துவம், அரசியல், மதம், அறிவியல் என்று ஒவ்வொரு துறையிலிருந்தும் ஒருவராவது அதில் இருக்க வேண்டும். பெயர்களைப் பொதுமக்கள் பரிந்துரைக்கலாம். வழக்கமாக வருடத்துக்கு ஒருவர் அல்லது இருவர்தான். தேர்வானவருக்கு வெண்கலத்தில் ஒரு பட்டயம் வார்த்துச் சுவரில் பதிப்பார்கள்.

இறந்தவர்களுக்கு மட்டும் என்ற விதிக்கு நியாயம் இல்லாமல் இல்லை. உயிரோடு இருப்பவரைச் சேர்த்தால் சிபாரிசு வரும், நன்கொடை கொடுத்தவரின் மனைவி பெயர் வரும், தேர்தலில் நிற்கப்போகிறவர் பெயர் வரும். சேர்த்த மறுவருடமே அவர் ஏதாவது வழக்கில் சிக்கினால் வெண்கலத்தை என்ன செய்வது? ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு. அந்த விலை எவ்வளவு என்பதை ரோசா பார்க்ஸ் விஷயத்தில் பார்க்கலாம்.

பார்க்ஸ் பிறந்தது அலபாமாவின் டஸ்கீகியில், 1913-ல். 1955 டிசம்பர் 1 அன்று மான்ட்கோமரி நகரப் பேருந்தில் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதானார். அதிலிருந்து கிளம்பிய பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள் நடந்தது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதற்குப் பிறகு நடந்தது அவ்வளவாகத் தெரியாது. அவருக்கும் கணவருக்கும் வேலை போயிற்று, மிரட்டல்கள் ஓயவில்லை. 1957-ல் ஊரைவிட்டே கிளம்பி மிச்சிகன் மாநிலத்தின் டெட்ராய்ட்டுக்குப் போய்விட்டார்கள். மிச்சிகன் தன் பெண்கள் புகழ்க்கூடத்தில் 1983-ல் முதல் வரிசையிலேயே அவரைச் சேர்த்தது. நியூயார்க் மாநிலம் செனிகா ஃபால்ஸில் இருக்கும் தேசியப் பெண்கள் புகழ்க்கூடம் 1993-ல் சேர்த்தது. இரண்டுமே அவர் இருக்கும்போது நடந்தவை. 2005 அக்டோபரில் அவர் காலமானார். அலபாமாவில் அவர் பட்டயம் ஏறியது 2008-ல்.

விதிப்படி பார்த்தால் அலபாமா தாமதிக்கவே இல்லை, கதவு திறந்ததும் உள்ளே அழைத்துவிட்டது. ஆனால் துரத்தியடித்த ஊர், அவர் கண்ணை மூடும்வரை காத்திருந்து பிறகு கௌரவித்தது என்பதும் உண்மை. கௌரவத்தை வாங்கிக்கொள்கிறவர் மேடையில் நின்று இரண்டு வார்த்தை பேசுவார் என்ற சங்கடம் இந்த ஏற்பாட்டில் கிடையாது. இறந்தவர்கள் எதிர்த்துப் பேச மாட்டார்கள்.

கெல்லருக்கும் இது பொருந்தும். அலபாமா கொண்டாடுகிற கெல்லர் யார்? டஸ்கம்பியாவில் வீட்டுப் பின்கட்டில் அடிபம்பின் அருகே நின்று, கையில் தண்ணீர் கொட்டக் கொட்ட, ஆசிரியை ஆன் சல்லிவன் மறு உள்ளங்கையில் எழுதிய எழுத்துகள் தண்ணீரைத்தான் குறிக்கின்றன என்று கண்டுகொண்ட குழந்தை. வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தில் 2009-ல் அலபாமா வைத்த வெண்கலச் சிலையும் அந்த ஏழு வயதுக் குழந்தைதான். 2003-ல் வெளியான அலபாமாவின் கால் டாலர் நாணயத்தில் பெரியவராக, நாற்காலியில் உட்கார்ந்து புத்தகம் படிக்கிறார், பெயர் பிரெய்லியிலும் இருக்கிறது. அழகான நாணயம்தான்.

அந்தக் குழந்தை வளர்ந்து சோஷலிஸ்ட் ஆனதும், வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் பக்கம் நின்றதும், 1920-ல் அமெரிக்கக் குடியுரிமைகள் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவராக இருந்ததும் நாணயத்தில் வராது. 1916-ல் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய தேசிய சங்கத்துக்கு அவர் நூறு டாலர் அனுப்பினார். கூடவே, தன் சொந்தத் தென்மாநிலத்தில் நடக்கும் அநீதிக்காக வெட்கப்படுகிறேன் என்ற பொருளில் ஒரு கடிதம். அது அலபாமாவின் செல்மா நகரப் பத்திரிகையில் மறுபதிப்பாக வந்தபோது உள்ளூரில் பெரிய கொதிப்பு, உறவினர்களுக்குத் தர்மசங்கடம். 1916-ல் ஒரு புகழ்க்கூடம் இருந்து, உயிரோடு இருப்பவர்களையும் சேர்க்கலாம் என்று விதி இருந்திருந்தால், அவர் பெயர் குழுவில் தேறியிருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

சரி, அப்படியானால் இது பாதுகாப்பான பெயர்களை மட்டும் அடுக்கி வைக்கிற இடமா? அதுவும் இல்லை. இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

1971-ல் கெல்லரோடு சேர்ந்த இன்னொருவர் ஹாலி ஃபார்மர். வெளியே அவ்வளவாகத் தெரியாத பெயர். இந்தியானாவில் பிறந்து அலபாமாவின் மான்டவேலோ கல்லூரிக்கு வரலாறு கற்பிக்க வந்தவர். மண்ணில் பிறந்திருக்க வேண்டும் என்று இந்தக் கூடம் பிடிவாதம் பிடிப்பதில்லை, மாநிலத்தோடு நெருங்கிய தொடர்பு இருந்தால் போதும். ஃபார்மர் வகுப்பறையோடு நிற்கவில்லை. ஓட்டுப் போட வரி கட்ட வேண்டும் என்ற ஏற்பாட்டை எதிர்த்தார், சிறையில் கைதிகளைச் சவுக்கால் அடிப்பதை எதிர்த்தார், நீதிமன்ற ஜூரியில் பெண்கள் உட்கார வேண்டும் என்று வாதாடினார். 1960-ல் அவர் இறக்கும்போதுகூட அலபாமாவில் பெண்கள் ஜூரியில் உட்கார முடியாது. 1966-ல் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் சொல்லித்தான் அது மாறியது.

அதே வருடம் சேர்ந்த ஜூலியா டட்வைலரின் கதை இன்னும் விசித்திரம். 1841-ல் பிறந்தவர், பள்ளிக்கூடம் நடத்திய குடும்பம். 1870-களின் கடைசியிலிருந்து ஊர் ஊராகச் சிறைகளைப் பார்க்கப் போனார். அந்தக் காலத்தில் அலபாமா தன் கைதிகளை நிலக்கரிச் சுரங்க முதலாளிகளுக்குக் குத்தகைக்கு விட்டுக் காசு பார்த்தது. கைதிகளில் பெரும்பாலானோர் கறுப்பின ஆண்கள். அடிமைமுறையைச் சட்டம் ஒழித்த பிறகு வேறு பெயரில் நடந்த அடிமைமுறை அது. டட்வைலர் கைதிகளுக்கு இரவுப் பள்ளி கேட்டார், பெண் கைதிகளுக்குத் தனி இடம் கேட்டார், குத்தகையை நிறுத்தச் சொன்னார். அலபாமா குத்தகையை நிறுத்தியது 1928-ல். அவர் இறந்தது 1916-ல். லிவிங்ஸ்டன் என்ற ஊரில் ஆசிரியைப் பயிற்சிக் கல்லூரியை 1910 வரை தலைமையேற்று நடத்தினார். அலபாமா பல்கலைக்கழகம் 1893-ல் மாணவிகளுக்குக் கதவு திறந்ததற்கு அவருடைய நச்சரிப்பு முக்கியக் காரணம். மாநிலத்தின் அதிகாரபூர்வப் பாடலை எழுதியவரும் அவரே.

இவ்வளவு செய்தவருக்கு மாநிலம் கொடுத்த பெரிய மரியாதை என்ன தெரியுமா? 1942-ல் வெட்டம்ப்காவில் திறந்த பெண்கள் சிறைக்கு அவர் பெயர் வைத்தது. அந்தச் சிறையில் காவலர்கள் பெண் கைதிகளைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்குகிறார்கள், அது பல காலமாக நடக்கிறது என்று 2014-ல் அமெரிக்க நீதித்துறை அறிக்கை வெளியிட்டது. பெயர் சூட்டுவதால் மட்டும் ஒருவருக்கு மரியாதை செய்ததாகிவிடாது என்பதற்கு இதைவிடக் கசப்பான உதாரணம் எனக்குத் தெரியாது. வெண்கலப் பட்டயம் எவ்வளவோ தேவலை, அது யாரையும் அடைத்து வைப்பதில்லை.

அப்புறம் 1972. கூடத்தின் இரண்டாவது வருடத்திலேயே மார்கரெட் மரே வாஷிங்டன் வந்துவிட்டார். டஸ்கீகி கல்வி நிலையத்தில் பெண்கள் பகுதியை நடத்தியவர், கறுப்பினப் பெண்கள் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்புக்குத் தலைவராக இருந்தவர். 1973-ல் லர்லீன் வாலஸ். இரண்டு பட்டயங்களும் ஒரே கூடத்தில் இருப்பதை நினைத்துப் பாருங்கள்.

லர்லீன் அலபாமாவின் முதல் பெண் ஆளுநர். அவர் கணவர் ஜார்ஜ் வாலஸ், இன ஒதுக்கல் இன்றும் என்றும் தொடரும் என்று பதவியேற்பு உரையிலேயே முழங்கியவர். அடுத்தடுத்து இரண்டு முறை ஆளுநராக இருக்க அன்றைய சட்டம் இடம் கொடுக்கவில்லை. அதனால் 1966 தேர்தலில் மனைவியை நிறுத்தினார். பினாமி ஆட்சி என்று எல்லோருக்கும் தெரியும், அவர்களும் மறைக்கவில்லை. ஆனால் லர்லீன் வெறும் பொம்மை என்று தள்ளிவிடவும் முடியாது. மாநில மனநல மருத்துவமனைகளை நேரில் போய்ப் பார்த்து, கலங்கிப்போய், அவற்றுக்கு நிதி ஒதுக்க வைத்தார். தனக்குப் புற்றுநோய் அறிகுறி இருப்பதாக 1961-லேயே மருத்துவர் கணவரிடம் சொல்லியிருந்தும், லர்லீனுக்கு அது தெரிய வந்தது 1965-ல்தான். 1968 மே மாதம், பதவியில் இருக்கும்போதே, 41 வயதில் இறந்துபோனார். தன் உடம்பைப் பற்றிய செய்தியே தனக்குக் கடைசியாக வந்து சேர்ந்த ஒரு பெண் மாநிலத்தின் ஆளுநராக இருந்தார் என்பது, அந்தக் காலத்தைப் பற்றிப் பல புத்தகங்கள் சொல்லாததைச் சொல்லிவிடுகிறது.

ஜார்ஜ் வாலஸ் ஆளுநராக இருந்த 1965 பிப்ரவரியில், இதே மேரியன் ஊரில், வாக்குரிமை கேட்டு நடந்த இரவு ஊர்வலத்தை மாநிலக் காவல்படை அடித்துக் கலைத்தது. ஜிம்மி லீ ஜாக்சன் என்ற இளைஞரை ஒரு காவலர் சுட்டார், எட்டு நாளில் அவர் இறந்தார். அந்தச் சாவிலிருந்துதான் செல்மாவிலிருந்து மான்ட்கோமரிக்கு நடைப்பயணம் என்ற யோசனை பிறந்தது. மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவி கொரெட்டா ஸ்காட் கிங் பிறந்ததும் மேரியனுக்குப் பக்கத்துக் கிராமத்தில்தான். விடுதலையான அடிமைகள் சேர்ந்து மேரியனில் தொடங்கிய லிங்கன் பள்ளியில் படித்தார். மேல்படிப்புக்கு ஜட்சன் கல்லூரி கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தும், ஒஹாயோவுக்குப் போனார். அன்றைய அலபாமாவில் கறுப்பினப் பெண்ணுக்கு அந்த வாசல் திறக்காது. 2006 ஜனவரியில் அவர் காலமானார். பிறகு அவருடைய பட்டயமும் அதே கல்லூரிக்குள் போனது.

கூடத்தில் எனக்கு மிகவும் பிடித்த பட்டயம் எது என்று கேட்டால் ஜூலியட் ஹாம்ப்டன் மார்கன் என்றுதான் சொல்வேன். மான்ட்கோமரி நகர நூலகத்தில் வேலை பார்த்த வெள்ளையினப் பெண். பதற்ற நோய் இருந்ததால் கார் ஓட்ட மாட்டார், பேருந்தில்தான் போவார். அதனால் கறுப்பினப் பயணிகளை ஓட்டுநர்கள் நடத்தும் விதத்தைத் தினமும் பார்த்தார். புறக்கணிப்பு தொடங்கி இரண்டே வாரத்துக்குள் உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். நடந்தே வேலைக்குப் போகும் இந்த மக்கள் காந்தியிடம் பாடம் கற்றவர்கள் போலிருக்கிறார்கள், இவர்கள் முன்னால் இருக்கும் வேலை காந்தியுடையதைவிடக் கடினம் என்று அதில் சொன்னார். உப்புச் சத்தியாகிரகம் நடந்து 25 வருடம் கழித்து, அமெரிக்கத் தென்மாநில நகரம் ஒன்றின் நூலகர் அதை நினைவுபடுத்துகிறார். மார்ட்டின் லூதர் கிங்கே பின்னால் தன் நூலில் அந்தக் கடிதத்தைக் குறிப்பிட்டிருக்கிறார்.

அதற்கு மார்கன் கொடுத்த விலை பெரியது. வசவுக் கடிதங்கள், இரவில் தொலைபேசி மிரட்டல்கள், வீட்டு ஜன்னலில் கல், முற்றத்தில் எரியும் சிலுவை. தெரிந்தவர்களே விலகிப்போனார்கள். 1957 ஜூலையில், 43 வயதில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். 2005-ல் கூடத்தில் சேர்த்தார்கள். அவர் வேலை பார்த்த நகரின் மைய நூலகத்துக்கு இப்போது அவர் பெயர். 48 வருடம் ஆகியிருக்கிறது. விதி கேட்டதோ இரண்டு வருடம்தான்.

இரண்டு வருடம் என்பது குறைந்தபட்சம் மட்டுமே. கெல்லருக்கு மூன்று, லர்லீனுக்கு ஐந்து, ரோசா பார்க்ஸுக்கும் மூன்று. மார்கனுக்கு 48. பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு மாநிலம் முழுக்க அலைந்த பேட்டி ரஃப்னர் ஜேகப்ஸ் 1935-ல் இறந்தார், சேர்த்தது 1978-ல். (பெண்களுக்கு வாக்குரிமை தரும் அமெரிக்க அரசியல் சட்டத் திருத்தத்தை அலபாமா சட்டமன்றம் 1919-ல் நிராகரித்தது. ஒப்புக்கு ஏற்றுக்கொண்டது 1953-ல்.) ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் இறந்த வருடத்தையும் சேர்த்த வருடத்தையும் எழுதிக் கழித்துப் பார்த்தால், அந்த மாநிலம் எதை எப்போது ஜீரணித்தது என்பதற்கு ஒரு பட்டியலே கிடைக்கும். விழாப் படத்தைவிட அந்தக் கழித்தல் கணக்குத்தான் எனக்கு முக்கியம். இத்தகைய கூடங்களுக்கு மதிப்பு உண்டா என்ற உங்கள் கேள்விக்கு என் பதிலும் அதுதான்: உண்டு, ஆனால் அவர்கள் காட்ட நினைத்த இடத்தில் இல்லை.

எல்லா இடத்திலும் இதே விதி கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். செனிகா ஃபால்ஸ் கூடம் உயிரோடு இருப்பவர்களையும் சேர்க்கிறது. சென்னையில் பிறந்து வளர்ந்து பெப்சிகோவின் தலைமைக்கு வந்த இந்திரா நூயியை 2021-ல் சேர்த்தது அப்படித்தான். மாநிலக் கூடங்களிலும் பல அப்படியே. அங்கே வேறு தொல்லை: பெரிய பதவியில் இருப்பவர்கள் பெயர் சீக்கிரம் வந்துவிடும், துணி துவைத்துப் பிழைத்தவர் பெயர் வராது.

துணி துவைத்தவர் என்றதும் ஒருவர் நினைவுக்கு வருகிறார். அவரிடம் வருமுன், கூடம் இடம் மாறிய கதையைச் சொல்லிவிடுகிறேன். ஜட்சன் கல்லூரி பணநெருக்கடியில் 2021-ல் மூடப்பட்டது. 183 வருடக் கல்லூரி. புகழ்க்கூடத்துக்குப் புது இடம் தேட வேண்டியதாயிற்று. கடைசியில் போய்ச் சேர்ந்தது லிவிங்ஸ்டனில் இருக்கும் மேற்கு அலபாமா பல்கலைக்கழகம். டட்வைலர் நடத்திய அதே ஆசிரியைப் பயிற்சிக் கல்லூரி வளர்ந்து பல்கலைக்கழகமானதுதான் அது. அங்கே நூலகத்துக்கே அவர் பெயர்.

லிவிங்ஸ்டன் இருப்பது சம்டர் மாவட்டம். அந்த மாவட்டத்தில் 1838-ல் அடிமையாகப் பிறந்தவர் மரியா ஃபியரிங். முப்பது வயது தாண்டி எழுத்துக் கற்று ஆசிரியையானார். ஆப்பிரிக்காவில் காங்கோவுக்குப் பணிக்குப் போக விண்ணப்பித்தபோது, வயதாகிவிட்டது என்று சபை மறுத்தது. வீட்டை விற்றுச் சொந்தச் செலவில் கிளம்பினார். வயது 56. அங்கே அடிமை வியாபாரிகளிடமிருந்து சிறுமிகளை உப்பு, கத்தரிக்கோல் போன்ற பண்டங்கள் கொடுத்து மீட்டு வளர்த்தார். 1937-ல், நூறு வயதை நெருங்கும்போது இறந்தார். பட்டயம் 2000-ல் வந்தது.

அதே லிவிங்ஸ்டன் பக்கம்தான் வேரா ஹாலும். பிறர் வீட்டில் சமைத்து, துணி துவைத்துக் காலம் தள்ளியவர். அற்புதமான பாடகி. உள்ளூரில் நாட்டார் பாடல் தேடி அலைந்த ரூபி பிக்கன்ஸ் டார்ட் என்ற வெள்ளையினப் பெண்மணி அவரைக் கண்டுபிடித்து, பாடல் சேகரிப்பாளர் ஜான் லோமாக்ஸிடம் 1937-ல் பாட வைத்தார். 1959-ல் லோமாக்ஸின் மகன் ஆலன் அவர் வாழ்க்கையைக் கேட்டுப் புத்தகமாக்கியபோது அதில் அவருக்கு 'நோரா' என்று வேறு பெயர் வைத்தார். 1964-ல் வேரா ஹால் இறந்தார். 1999-ல் மோபி என்ற இசைக்கலைஞர் அந்தப் பழைய ஒலிப்பதிவிலிருந்து அவர் குரலை எடுத்துத் தன் பாட்டில் வைக்க, உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானோர் யார் குரல் என்றே தெரியாமல் கேட்டார்கள். கண்டுபிடித்த ரூபி டார்ட்டை புகழ்க்கூடம் 1980-ல் சேர்த்துக்கொண்டது. பாடிய வேரா ஹாலை, அவருடைய சொந்தப் பெயரில், 2005-ல்.